கூறியது கூறல்: மனிதக் கலத்தின் மீள்தொடர்களை அளந்தறிதல்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென வகுத்த நன்னூலார் அவற்றுள் ஒன்றாகக் கூறியது கூறலை வைத்தார். முன்னர்ச் சொன்னதனையே பயனின்றிப் பின்னரும் சொல்லுதல் கற்போரின் காலத்தை வீணாக்கும். ஆசிரியனின் வறுமையையும் புலப்படுத்தும். ஆனால், மனிதனால் எழுதப்படாத நூல் ஒன்று உண்டு. அது நம் உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் பொதிந்து கிடக்கின்றது. நான்கே எழுத்துக்களால் ஆகிய அந்நூலிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி கூறியது கூறலாகவே அமைந்துள்ளது. ஒரே தொடர் பத்து முறையன்று, நூறு முறையன்று, சிறு சிறு வேறுபாடுகளுடன் பத்து இலட்சம் முறைக்கு மேலும் வருகின்றது.

இதனினும் வியப்புடைய செய்தி ஒன்றுளது. அந்நூலின் எழுத்துக்களை விரைவாக வாசிக்கும் முறைகள் 1977 ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. ஆனால், உயர்விலங்குகளின் பரம்பரை நூலில் மீண்டு வரும் தொடர்கள் உள என்பதும், அவை எவ்வளவு பங்கினவென்பதும் 1968 ஆம் ஆண்டிலேயே அளந்து கூறப்பட்டுவிட்டன. எழுத்தறியாத ஒருவன் ஏட்டைப் பிரித்து வாசியாமலே, இதில் இன்ன பங்கு திரும்பத் திரும்ப எழுதப்பட்டது என்று கணக்குரைப்பதனை ஒக்கும் இச்செயல். அஃது எங்ஙனம் இயன்றது என்பதனையும், அக்கணக்கினால் மக்கட்கு விளைந்த பயன் யாது என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

நூலின் அமைப்பு

பரம்பரை இயல்புகளைத் தாங்கும் பொருள் டி. என். ஏ. எனப்படும் கருவமிலமாகும். அது ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகளால் ஆயது. ஒவ்வோர் இழையிலும் அடினைன், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. ஓர் இழையில் அடினைன் நிற்குமிடத்து, எதிர் இழையிலே தைமின் நிற்கும். குவானின் நிற்குமிடத்துச் சைற்றோசின் நிற்கும். வாற்சன், கிரிக் என்னும் இருவர் 1953 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் இருந்து வெளிப்படுத்திய இவ்வமைப்பின்படி, ஓர் இழையின் வரிசை தெரியுமாயின் மற்றையதன் வரிசை தானே பெறப்படும். மனிதனது ஒரு தொகுதி நிறமூர்த்தங்களில் இத்தகைய மூலச் சோடிகள் ஏறத்தாழ 310 கோடி உள்ளன.

இரண்டு இழைகளையும் ஒன்றாகப் பிடித்து வைப்பன ஐதரசன் பிணைப்புக்கள். அடினைனுக்கும் தைமினுக்கும் இடையே இரண்டும், குவானினுக்கும் சைற்றோசினுக்கும் இடையே மூன்றும் உள. ஓர் இழையினுள்ளே மூலங்களைத் தாங்கி நிற்கும் பிணைப்புக்களோடு ஒப்பிடுமிடத்து இவை மிக நொய்யன. ஆதலால், டி. என். ஏ. கரைசலைக் கொதிநிலைக்கு அண்மையிற் சூடாக்கின் இழைகள் அறுபடாமலே ஒன்றைவிட்டொன்று பிரிகின்றன. அங்ஙனம் பிரியும்போது கரைசல் புறவூதா ஒளியை உறிஞ்சும் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத அப்பிரிவைக் கருவி கொண்டு கண்டறியலாம்.

பிரிந்த இழைகள் மீண்டும் கூடுமா? கூடும் என 1960 ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் டோற்றி, யூலியஸ் மார்மர் ஆகியோரும் அவர்தம் துணைவரும் காட்டினர். பிரிந்த கரைசலைச் சடுதியாகக் குளிர்வித்தால் இழைகள் தனித்தே நிற்கும். தக்க உப்புச் செறிவில், மெல்ல மெல்ல ஆறவிட்டால், ஒவ்வோர் இழையும் தனக்கிசைந்த இழையைக் கண்டு கூடிவிடும். அடுத்த ஆண்டிலே ஹால், ஸ்பீகல்மன் என்போர் ஒரு வைரசின் டி. என். ஏ. இழையோடு அதிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர். என். ஏ. இழையைக் கூட்டிக் காட்டினர். வெவ்வேறு இடத்துப் பிறந்த இரண்டு இழைகள் வரிசைப் பொருத்தத்தினாற் கூடுவதனாலே இதனைக் கலப்பிணைவு என்பர்.

காலமே அளவுகோல்

இனி, இக்கூடுதலை எண்ணும் கருவியாக்கியது எங்ஙனம் என்பதைக் காண்பாம். ஓர் உவமை கூறின் இஃது எளிதில் விளங்கும்.

திருவிழா நாளிலே கோயில் வாயிலில் ஆயிரம் சோடிப் பாதரட்சைகள் இருளிற் கலந்து குவிந்து கிடக்கின்றன எனக் கொள்வோம். கையாலே தடவி, இடப்பாதத்துக்குரியதை வலப்பாதத்துக்குரியதனோடு சோடி சேர்த்தல் வேண்டும். ஆயிரமும் ஒரே அளவும் ஒரே வடிவும் உடையனவாயின், கையில் அகப்பட்ட எந்த இடமும் எந்த வலத்தோடும் பொருந்தும். வேலை கணத்தில் முடியும். ஆயிரமும் ஆயிரம் வகையாயின் ஒவ்வொன்றுக்கும் உரிய துணை ஒன்றே. அதனைத் தேடுவதற்குள் இரவு கழிந்துவிடும். பாதி ஒரே வகையாய், எஞ்சிய பாதி வெவ்வேறு வகையாய் இருக்குமாயின், முதற்பாதி விரைவாகச் சேர்ந்துவிடும். மற்றைப்பாதி நெடுநேரம் தாழ்க்கும். குவியலை ஒருகாலும் காணாதவன், எந்நேரத்தில் எத்தனை சோடிகள் சேர்ந்தன என்ற கணக்கை மட்டும் கேட்டு, உள்ளே எத்தனை வகைகள் உள, ஒவ்வொரு வகையும் எத்தனை உள என்பதனைக் கூறிவிடலாம்.

வாஷிங்டன் கார்னெகி நிறுவனத்தைச் சேர்ந்த ரோய் பிரிட்டன், டேவிட் கோன் என்பாரிருவரும் செய்தது இதுவே. அவர்கள் டி. என். ஏ.யை ஏறத்தாழ 500 மூலங்கள் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கினர். நறுக்காதுவிடின், மீண்டுவரும் தொடரொன்று கூடும்போது, தன்னோடு ஒட்டியிருக்கும் மீளாத தொடரையும் உடனிழுத்துச் சென்று கணக்கைக் குழப்பிவிடும். பின்னர்த் துண்டுகளைக் கொதிக்கவைத்துப் பிரித்து, ஏறத்தாழ 60 பாகை வெப்பநிலையிலே நிறுத்தி, குறித்த காலங்களிற் சிறிது சிறிதாக எடுத்து ஐதரொட்சியபற்றைற்று என்னும் கல்சியம் பொசுபேற்றுப் பளிங்குகளினூடே செலுத்தினர். எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிப்பொருளும் இவ்வகையினதே. தக்க பொசுபேற்றுச் செறிவில் அது கூடிய இழைகளைப் பற்றிக்கொள்ளும். தனித்த இழைகளை ஒழுகவிடும். இவ்வாறு கூடினவற்றையும் கூடாதவற்றையும் பிரித்து அளந்தனர்.

இழைகள் கூடும் வேகம் காலத்தை மட்டுமன்றிச் செறிவையும் பொறுத்தது. கரைசல் இருமடங்கு செறிந்ததாயின், இசைந்த இழைகள் ஒன்றையொன்று சந்திக்கும் காலம் பாதியாகும். ஆதலின், தொடக்கச் செறிவையும் காலத்தையும் பெருக்கிவரும் தொகையையே அவர்கள் அளவையாகக் கொண்டனர். பாதி இழைகள் கூடிமுடியும்போது அத்தொகை எவ்வளவு என்பதே வினா. மீள்தொடர் இல்லாத உயிரொன்றிலே, நூல் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இத்தொகையும் பெரிதாகும்.

இதற்கு அளவுகோலாய் அமைந்தது எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியா. அதன் மூலச் சோடிகள் ஏறத்தாழ 46 இலட்சம். அவற்றின் தொடர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையே வருவன. மூலச்செறிவை இலீற்றருக்கு மூல் என்றும், காலத்தைச் செக்கன் என்றும் கொண்டால், அப்பற்றீரியாவின் இழைகளிற் பாதி கூடுவதற்குச் சில அலகுகளே போதும். பசுக்கன்றின் பரம்பரை நூல் அதனிலும் பல நூறு மடங்கு பெரிது. ஆகவே, அது பல நூறு மடங்கு மெதுவாகவே கூடுதல் வேண்டும். ஒரு பகுதி அங்ஙனமே நடந்தது. பாதி கூடுதற்கு ஏறத்தாழ 3000 அலகுகள் தேவைப்பட்டன. ஆனால், மற்றொரு பெரும்பகுதி எதிர்பாராத வகையில் 0.03 அலகிலேயே பாதி கூடிவிட்டது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் இலட்சம் மடங்கு. இலீற்றருக்கு 0.01 மூல் செறிவுள்ள கரைசலில் இதனைக் கணக்கிட்டால், விரைந்து கூடும் பகுதிக்கு வேண்டிய நேரம் 3 செக்கன். தாழ்த்துக் கூடும் பகுதிக்கு வேண்டிய நேரம் ஏறத்தாழ மூன்றரை நாள். நூலின் அளவுக்கு அடங்காத இவ்விரைவுக்குக் காரணம் ஒன்றே: அப்பகுதியின் தொடர்கள் ஒவ்வொன்றும் பல்லாயிரம், ஏன், இலட்சக்கணக்கான பிரதிகளாக உள்ளன.

சுண்டெலியில் இவ்வுண்மை இன்னும் தெளிவாய் வெளிப்பட்டது. அதன் டி. என். ஏ.யிற் பத்திலொரு பங்கு மிகவிரைவாகக் கூடுகின்றதெனவும், அது சில நூறு மூலங்கள் கொண்ட ஒரே தொடரின் ஏறத்தாழ பத்து இலட்சம் பிரதிகளாற் போந்ததெனவும் வேரிங், பிரிட்டன் ஆகியோர் 1966 ஆம் ஆண்டில் அறிவித்திருந்தனர். இவையனைத்தையும் தொகுத்துப் பிரிட்டனும் கோனும் 1968 இல் வெளியிட்ட கட்டுரை, பரம்பரை நூலைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிவிட்டது எனலாம்.

மீள்தொடர் என்பது யாது?

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மீண்டு வருதல் என்றால் எழுத்துக்கு எழுத்து ஒத்து வருதலா, ஓரளவு ஒத்து வருதலா? இதற்கு விடை பகர்வது வெப்பநிலை. நூற்றுக்கு ஒரு மூலம் பொருந்தாதுவிடின், கூடிய இழைகள் பிரியும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். ஆகவே, உயர்ந்த வெப்பநிலையிற் சோதனை செய்யின் மிக நெருங்கிய உறவுடைய இழைகளே கூடும். தாழ்ந்த வெப்பநிலையிலே தூரத்து உறவினவும் கூடும். கலப்பிணைவு தரும் எண்ணிக்கை, ஆய்வாளன் எத்துணைக் கண்டிப்போடு வினவினான் என்பதைப் பொறுத்தது. எனவே, சோதனையின் வெப்பநிலையும் உப்புச் செறிவும் கூறாது மீள்தொடர்களின் பங்கை மாத்திரம் கூறுதல் அலகு கூறாமல் நீளம் கூறுதலை ஒக்கும்.

மனிதனிடத்துக் கண்டவை

மனித டி. என். ஏ.யை இம்முறையால் ஆராய்ந்தவர்களுட் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்மிட்டும் அவர்தம் மாணாக்கரும் குறிப்பிடத்தக்கவர். மனிதனில், சில நூறு மூலங்கள் நீளமுள்ள மீள்தொடர்கள் மீளாத தொடர்களுக்கிடையே எங்கும் தூவப்பட்டிருக்கின்றன என ஷ்மிட்டும் டைனிங்கரும் 1975 இற் காட்டினர். 1979 ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுக்குழு மேலும் ஒருபடி சென்றது. விரைந்து கூடும் இழைகளை மட்டும் கூடவிட்டு, கூடாத ஒற்றை இழைகளை நொதியமொன்றினாற் சிதைத்து நீக்கினர். எஞ்சியவற்றில் 300 மூலங்கள் நீளமுள்ள தொடர் தனித்துத் தோன்றிற்று. அலு என்னும் வெட்டுநொதியம் அதனை ஏறத்தாழ ஒரே இடத்தில் இரண்டாக வெட்டிற்று. பல இலட்சம் துண்டுகள் ஒரே இடத்தில் வெட்டுப்படுதல் அவை ஒரே குடும்பத்தவை என்பதற்குச் சான்றன்றோ? அந்நொதியத்தின் பெயராலே அதனை அலுக் குடும்பம் என்று வழங்குகின்றனர்.

ஒரு குடும்பத்தின் பிரதிகளை எண்ணுதற்குப் பிறிதொரு வழியும் உண்டு. கிலெஸ்பி, ஸ்பீகல்மன் ஆகியோர் 1965 இல் வகுத்த முறையைத் தழுவியது அது. பிரித்த மனித டி. என். ஏ.யை நைத்திரோசெலுலோசுத் தாளிற் புள்ளியாக இட்டு நிலைபெறச் செய்வர். அருகிலே தூய அலுத் தொடரை அளவறிந்து வெவ்வேறு புள்ளிகளாக இடுவர். பின்னர்க் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசு சேர்த்த அலு இழையைக் கரைசலாக ஊற்றி, ஒட்டாதவற்றைக் கழுவி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒட்டியதனை அளப்பர். ஒரு மைக்கிரோகிராம் மனித டி. என். ஏ.யில் ஒட்டிய அளவு, 0.1 மைக்கிரோகிராம் தூய தொடரில் ஒட்டிய அளவுக்குச் சமமாயின், நூலிற் பத்திலொரு பங்கு அத்தொடரே என்பது பெறப்படும். 310 கோடியிற் பத்திலொரு பங்கு 31 கோடி. அதனை 300 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 இலட்சம் பிரதிகள் வரும். பாடசாலை மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது. பிற்காலத்தில் எழுத்தெழுத்தாக வாசித்து எண்ணியபோது கிடைத்த தொகையும் ஏறத்தாழ இதுவே.

எத்தனை என்பதோடு எங்கே என்பதையும் கலப்பிணைவு காட்டிற்று. பார்டியூ, கோல் ஆகிய இருவரும் 1970 ஆம் ஆண்டிலே, கண்ணாடித் தட்டிற் பரப்பிய சுண்டெலி நிறமூர்த்தங்களின்மேற் கதிர்த்தொழிற்பாடுடைய மீள்தொடரைக் கூடவிட்டு, அது நிறமூர்த்தத்தின் மையப்பாத்தை அடுத்தே செறிந்திருத்தலை நுணுக்குக்காட்டியிற் கண்டனர். கலம் பிரியும்போது இழுகதிர்கள் பற்றும் இடம் அதுவாகும். மனிதனில் அவ்விடத்தில் 171 மூலங்கள் கொண்ட தொடர் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளது.

எண்ணிக்கையே விதியாகுமிடம்

இவ்வளவைகள் ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்டனவல்ல. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகு ஒன்றின் தொடக்கத்திலே சைற்றோசின், குவானின், குவானின் என்னும் மூன்று மூலங்கள் அடுத்தடுத்து மீண்டு வருகின்றன. பெரும்பாலாரில் இவை 5 முதல் 44 முறை வரும். 55 முதல் 200 வரை இருப்போர் பெரும்பாலும் அறிவுக் குறைபாடின்றி வாழ்வர். ஆனால், அத்தகைய தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும்போது அவ்வெண்ணிக்கை பெருகக்கூடும். 200 ஐத் தாண்டிவிட்டால் அப்பரம்பரையலகு அடைபட்டுத் தொழிற்படாது ஒழியும். அதனால் விளைவதே பிராஜைல் எக்ஸ் என்னும் நோய். தந்தை தாயரிடமிருந்து வரும் அறிவுவளர்ச்சிக் குறைபாடுகளுள் ஒற்றைப் பரம்பரையலகினால் ஏற்படுவனவற்றில் இதுவே மிகப் பரவியது. இதன் காரணம் 1991 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது.

ஈண்டு எழுத்தில் யாதொரு பிழையும் இல்லை. சொல்லிய தடவையே வேறு. ஆகவே, இதனை அறிய வேண்டுமாயின் எண்ணியே அறிதல் வேண்டும். எட்வின் சதேண் 1975 இல் வகுத்த முறை இதற்குப் பெரிதும் துணையாயிற்று. டி. என். ஏ.யை நொதியத்தால் வெட்டி, மின்புலத்தில் நீளவாரியாகப் பிரித்து, தாளிற்குப் பெயர்த்து, அப்பரம்பரையலகுக்கு இசைந்த இழையைக் கூடவிடுவர். மீளும் ஒவ்வொரு முறைக்கும் துண்டு மூன்று மூலங்கள் நீளும். ஆயிரம் முறை மீண்டால் மூவாயிரம் மூலங்கள் நீளும். தாளிற் பட்டை நிற்குமிடமே எண்ணிக்கையைக் காட்டும். பேச்சுத் தாழ்த்த தன் மகனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை தோறும் அலையும் தாய்க்கு, இது வளர்ப்பின் குற்றமுமன்று, எவருடைய தீச்செயலின் பயனுமன்று, ஒரு தொடர் மிகுந்த முறை மீண்டதன் விளைவே என்று காட்டுவது இப்பட்டை. அவளுடைய உடன்பிறந்தாள் தன் நிலையை முன்னரே அறிந்துகொள்ளவும் அது வழிசெய்கின்றது.

முதலில் எண்ணியதும் இறுதியில் வாசித்ததும்

மனிதப் பரம்பரை நூலின் முதல் வாசிப்பு 2001 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிற் குறைந்தது பாதி மீள்தொடர் என்பது உறுதியாயிற்று. பழைய கலப்பிணைவுச் சோதனைகள் காட்டிய பங்கு இதனிற் குறைந்ததாகும். காலப்போக்கிற் பெரிதும் திரிந்துபோன பழம்பிரதிகள் அச்சோதனைகளின் வெப்பநிலையிற் கூடாதொழிந்தமை அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது.

எனினும், 2001 ஆம் ஆண்டு வாசிப்பு முழுமையானதன்று. நூலை ஒரே மூச்சில் வாசிக்க இயலாமையாற் சிறு துண்டுகளாக வாசித்து, ஒன்றன் முடிவு மற்றொன்றன் தொடக்கத்தோடு ஒத்திருத்தலைக் கொண்டு கோத்தனர். எல்லாத் துண்டுகளும் ஒன்றுபோலிருந்தால் எதனை எங்கே கோப்பது? மையப்பாத்துக்களை அடுத்த மீள்தொடர்கள் இக்காரணத்தால் வாசிக்கப்படாமலே கிடந்தன. மிக நீண்ட துண்டுகளை வாசிக்கும் முறைகள் வந்த பின்னர், 2022 ஆம் ஆண்டிலேயே எஞ்சிய ஏறத்தாழ 8 விழுக்காடும் நிரப்பப்பட்டது. வை நிறமூர்த்தம் 2023 இல் நிறைவுற்றது. மீள்தொடர்களின் பங்கு ஏறத்தாழ 54 விழுக்காடு என அம்முழு வாசிப்புக் காட்டிற்று. எப்பண்பு எண்ணுதலை எளிதாக்கிற்றோ அப்பண்பே வாசித்தலை அரிதாக்கிற்று. முதலில் எண்ணப்பட்ட பகுதிகளே இறுதியில் வாசிக்கப்பட்டன.

இனி, இம்மீள்தொடர்களாற் பயனுண்டோ என்னும் வினா எஞ்சுகின்றது. வெங்காயத்தின் பரம்பரை நூல் மனிதனுடையதிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரிது. அம்மிகுதியிற் பெரும்பங்கு மீள்தொடரே. வெங்காயம் மனிதனிலும் ஐந்து மடங்கு சிக்கலானது என்று எவரும் கூறார். சுசுமு ஓனோ 1972 ஆம் ஆண்டில் நூலின் பெரும்பகுதியைக் கழிபொருள் என்றே கூறினார். மையப்பாத்தினை அடுத்தவை நிறமூர்த்தங்கள் ஒழுங்காகப் பிரிதற்குத் துணைசெய்வனவென்பது இன்று தெளிவு. அலுத் தொடர்களிற் சில பரம்பரையலகுகளின் பகுதியாகவே மாறியுள்ளன. சில, புகுந்த இடத்தைக் கெடுத்து நோய் விளைத்துள்ளன. எஞ்சிய பெருந்தொகை குறித்து அறிஞரிடையே இன்றும் கருத்தொருமை இல்லை.

நன்னூலார் கூறியது கூறலை ஒரு குற்றமாகவும், நின்று பயனின்மையை மற்றொரு குற்றமாகவும் வேறுவேறாக வைத்தார். முன்னது இருக்கக் கண்டவுடன் பின்னதும் உண்டென்று துணிதல் ஆகாது. அன்றியும், அணிநூலார் மடக்கு என ஓர் அணி வகுத்தனர். அதில் வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தரும். நம் உடலில் எழுதப்பட்ட நூலில் எது குற்றம், எது அணி என்பது ஒவ்வொரு தொடராக ஆராய்ந்து தெளியற்பாலது. அவ்வாராய்ச்சிக்கு முதற்படி, உள்ளதனை உள்ளவாறு அளத்தல். அதனை வாசிக்க அறியாத காலத்திலேயே, கொதிநீரும் பளிங்குத்தூளும் கடிகாரமும் கொண்டு செய்து காட்டினர் முன்னோடிகள். விடை அறியுமுன் அளவறிந்து கொள்ளும் அப்பொறுமையே அறிவியல் பயிலும் மாணவர் அவர்களிடத்துக் கற்கத்தக்கது.